பாப்பா, கார்த்திகை இருபது

அப்பாவின் தங்கையான என் அத்தைக்கு எந்தக் காரியத்தையும் அதற்குரிய நாளில் செய்து பழக்கமில்லை. நாளைக்கு உடுத்த வேண்டிய சேலை நேற்றே மடிப்புக் கலையாமல் கொடியில் தொங்கும். புதன்கிழமை போட வேண்டிய கடிதத்தை ஞாயிற்றுக்கிழமையே எழுதி முடித்து, தேதிக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருப்பாள். பத்து மணி பஸ்ஸுக்கு ஒன்பது மணிக்கே போய் நிற்பாள், பாதி நாள் அதற்கு முந்தைய பஸ்ஸிலேயே ஏறிப் போய்விடுவாள். கல்யாணத்துக்கு முன்னாலேயே பிள்ளைக்குத் தொட்டில் கட்டிவிடுவாள் இவள் என்று அம்மா கேலி செய்வதுண்டு. அத்தைக்கு முப்பத்தைந்து தாண்டிய பிறகு அந்தக் கேலியை அம்மாவே நிறுத்திக்கொண்டாள்.

சங்கரன்கோவிலில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் அவள் தையல் டீச்சர். எங்களோடுதான் இருந்தாள். எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் தெருவுக்கு முதல் ஃபிரிட்ஜ் வந்தது அவளால்தான். கூட வேலை பார்த்த டீச்சரின் கடையநல்லூர் வீட்டில், குவைத்திலிருந்து வந்த மச்சான் புதியது வாங்கிப் போட்டுவிட, பழையது சும்மா கிடந்தது. அத்தை அதை லாரியில் வைக்கோல் போர்த்திக் கொண்டுவந்து இறக்கினாள். என்னைவிட நாலு விரல்கடை உயரம். பெரிய கதவைத் திறந்தால் உள்ளே மேலாக இன்னொரு சின்னக் கதவு, அதற்குள் ஐஸ் அறை. அம்மாவுக்கு அந்தப் பெட்டியே ஆகாது. அதில் வைத்த தண்ணீரைக் குடித்தால் சளி பிடிக்கும், அதில் வைத்த சோற்றைத் தின்றால் தரித்திரம் பிடிக்கும் என்பாள். கீழ்த்தட்டில் பாலும் தோசைமாவும் வைக்க மட்டும் சம்மதித்தாள். ஐஸ் அறை முழுக்க அத்தையுடையது.

அங்கே அத்தை பிஸ்கட் மாவு வைத்திருப்பாள். பாளையங்கோட்டையில் டீச்சர் டிரெயினிங் படித்தபோது ஹாஸ்டல் வார்டன் அம்மா கிறிஸ்துமஸுக்குச் செய்ததைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. வீட்டில் சுட வசதி கிடையாது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருந்த பேக்கரியின் பின்கட்டில், செங்கல்லால் கட்டிய பெரிய அடுப்பு ஒன்று உண்டு. போர்மா என்பார்கள். ரொட்டியெல்லாம் வெந்து வெளியே வந்த பிறகு, தணிந்துகொண்டிருக்கும் அந்தச் சூட்டில் வெளியாட்களின் தட்டுகளையும் உள்ளே தள்ளிக் கொடுப்பார்கள். அந்த அரைமணி நேரம் எத்தனை மணிக்கு வாய்க்கும் என்பது பேக்கரிக்காரருக்கே தெரியாது. அவர் சொல்லி அனுப்பியதும் ஓட வேண்டும். அதனால் மாவு எப்போதும் தயாராக இருந்தாக வேண்டும். முன்கூட்டியே செய்து வைப்பதற்கு இப்படி ஒரு நியாயமான காரணம் கிடைத்ததில் அத்தைக்குத் தாங்க முடியாத சந்தோஷம்.

வெண்ணெயையும் பொடித்த சீனியையும் வெளுக்கும்வரை தேய்த்து, மைதாவும் ஏலக்காயும் சேர்த்துப் பிசைந்து, முழங்கை நீளத்துக்கு உருட்டுவாள். வெண்ணெய்த்தாளில் சுற்றி இரு முனையையும் தையல் நூலால் கட்டுவாள். எந்த நாளைக்கு என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அந்த நூலிலேயே செருகுவாள். வேண்டிய நாளில் எடுத்து வில்லை வில்லையாக அறுத்து, தைக்கும்போது ஊசி குத்தாமல் விரலில் மாட்டிக்கொள்கிற பித்தளைக் குப்பியால் ஒவ்வொன்றின் நடுவிலும் ஓர் அழுத்து அழுத்துவாள். வெந்து வரும்போது நடுவில் வட்டமாகக் குழி விழுந்திருக்கும். அதுதான் எங்கள் வீட்டு பிஸ்கட்டின் அடையாளம்.

எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்று ஒருமுறை கேட்டேன்.

“உள்ள வச்சிட்டா அதுக்கு நாளே நகராது மக்கா. வெளிய கெடக்க நாமதான் கெழடாகிப் போவோம்” என்று சிரித்தாள்.

அவள் கிழடாகவில்லை. ஆனி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மூன்று உருளை மாவு செய்து வைத்தாள். மூன்றாவது வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து தலைவலி என்று வந்து படுத்தாள். திருநெல்வேலிக்குக் கொண்டுபோன கார், போன வேகத்திலேயே திரும்பி வந்தது. இந்த ஒன்றிலும் அவள் முந்திக்கொண்டாள் என்று வந்தவர்கள் சொல்லிச் சொல்லி அழுதார்கள்.

சாவு விழுந்த வீட்டில் ஆக்கி வைத்த எதையும் வைத்திருக்கக் கூடாது. அக்கம்பக்கத்துப் பெண்கள் அடுப்படிக்குள் புகுந்து சோறு, குழம்பு, குடத்துத் தண்ணீர் எல்லாவற்றையும் வாசலுக்குக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். ஃபிரிட்ஜைத் திறந்து பாலையும் தோசைமாவையும் எடுத்துக் கொட்டினார்கள். மேலே ஒரு சின்னக் கதவு இருப்பது அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். சொல்லவில்லை. அத்தை வைத்ததை அத்தை வந்து கேட்டால் என்ன பதில் சொல்வது என்பதுதான் எட்டு வயதில் என் கவலையாக இருந்தது.

பதினாறாம் நாள் முடிந்து உறவுக்காரர்கள் போன பிறகு, யாரும் இல்லாத நேரம் பார்த்து ஐஸ் அறையைத் திறந்தேன். மூன்றும் அப்படியே இருந்தன. தாளின் மேல் வெள்ளையாக ஐஸ் படிந்திருந்தது. ஒன்றில் அத்தை நூலை இறுக்கும்போது கட்டைவிரலை ஊன்றிய பள்ளம் தெரிந்தது. என் விரலை அதில் வைத்துப் பார்த்தேன். சுரீர் என்றது. சீட்டுகளைப் படித்தேன். அவளுடைய உருண்டையான எழுத்து. முதல் சீட்டில் ஆடித் தபசு. இரண்டாவதில் தீபாவளி. மூன்றாவதில் ‘பாப்பா, கார்த்திகை 20’.

வீட்டில் பாப்பா என்பது நான்தான். ஆனால் கார்த்திகை இருபது எனக்கு என்ன நாள் என்று விளங்கவில்லை. சுவரில் தொங்கிய காலண்டரைப் புரட்டிப் பார்த்தேன். அந்தத் தேதியில் பண்டிகை ஏதும் போட்டிருக்கவில்லை. மற்ற நாள்களைப் போல அதுவும் ஒரு நாள்.

அந்த ஆடித் தபசுக்கு ஊரே கோயிலைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. எங்களுக்கு ஒரு வருஷத்துக்குக் கோயில் இல்லை, பண்டிகை இல்லை, அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைப்பது இல்லை, இனிப்பு என்கிற பேச்சே இல்லை. துக்க வீட்டு முறைகளில் அம்மா எள்ளளவும் விட்டுக்கொடுக்க மாட்டாள். காலையில் காபித்தூள் எடுக்கப் போனவள், பக்கத்தில் இருந்த பிஸ்கட் டின்னின் மூடி சரியாக மூடாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறாள். அத்தை போனதிலிருந்து காலியாகக் கிடந்த டின் அது. திறந்து பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். டின் நிறைய பிஸ்கட். இன்னும் சூடு ஆறவில்லை.

“ஏங்க, உங்க தங்கச்சி வந்துட்டுப் போயிருக்கா.”

கடைத்தெருவில் காலை டீ குடித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்த அப்பா, சட்டையை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். தெரிந்தவர்கள் யாராவது கொண்டுவந்து வைத்திருப்பார்கள் என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

“விடிஞ்சும் விடியாம யாரு வந்து வைப்பா? இந்தக் குழியைப் பாருங்க. இது ஆரு கை?”

அப்பா பார்த்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போனார். தாலுகா ஆபீஸில் கிளார்க் வேலை அவருக்கு. எழுத்தில் கேட்டால்தான் பதில் தருவார் என்று அம்மா சொல்வது வழக்கம்.

எனக்கு ஒரு பிஸ்கட்கூடத் தரவில்லை. எல்லாவற்றையும் அம்மா கொண்டுபோய்க் கைப்பிடிச் சுவரில் வைத்துக் காக்கையைக் கூப்பிட்டாள். கையில் இருக்கும் வடையையே பறிக்கிற காக்கைகள் எங்கள் தெருவுடையவை. அன்று நாலைந்து வந்து எதிர்வீட்டு ஓட்டில் உட்கார்ந்து, கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தன. ஒன்றும் கிட்டே வரவில்லை. ஊரெல்லாம் கொட்டும் மேளமும் கேட்டுக்கொண்டிருக்க, அம்மா அந்தச் சுவரோரம் வெகுநேரம் நின்றாள்.

நான் ஐஸ் அறையைத் திறந்தேன். இரண்டுதான் இருந்தன. ஆடித் தபசைக் காணோம். அங்கிருந்து நேரே அத்தையின் தையல் மெஷினுக்குப் போய் இழுப்பறையை இழுத்தேன். பித்தளைக் குப்பி அதன் இடத்தில்தான் இருந்தது. கவிழ்த்துப் பார்த்தேன். விளிம்பில் மாவு ஒட்டியிருந்தது. தொட்டால் விரலில் பிசுபிசுத்தது.

பிஸ்கட்டில் விழுந்திருந்த குழிகள் நடுவில் இல்லாமல் கொஞ்சம் கோணலாக, ஒரு பக்கம் ஆழமாக இருந்ததை நான் கவனித்திருந்தேன். அத்தைக்கு ஒருநாளும் அப்படிக் கோணியதில்லை. செத்துப்போனவர்களுக்குக் கை நடுங்கும் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அந்த ஃபிரிட்ஜுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என்னால் சாப்பிட முடியவில்லை. அது சும்மா நிற்கும். திடீரென்று தொண்டையைச் செருமிக்கொண்டு உறும ஆரம்பிக்கும். கொஞ்ச நேரத்தில் உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கி நிறுத்திக்கொள்ளும். கதவைத் திறந்தால் உள்ளே விளக்கு எரியும், மூடினால் அணைந்துவிடும் என்று அத்தை சொல்லியிருந்தாள். மூடிய பிறகு அணைந்ததா இல்லையா என்பது உள்ளே இருக்கிறவர்களுக்குத்தானே தெரியும், இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது.

தீபாவளியன்றும் அப்படியே நடந்தது. விடிந்து பார்த்தால் டின் நிறைந்திருந்தது. அதே சூடு, அதே கோணல் குழி. இந்தமுறை அம்மா யாரையும் கேட்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். மறுவாரம் அப்பா ஆபீஸுக்குப் போன பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு ராயகிரிக்கு பஸ் ஏறினாள். அங்கே குறி சொல்லும் கோடாங்கி ஒருவர் இருந்தார். உடுக்கையை அடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தவர், அம்மா விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் பேச ஆரம்பித்துவிட்டார்.

“ஆசப்பட்டு எடுத்து வச்சதை அனுபவிக்காமப் போனவ தாயி. ஒண்ணொண்ணா வந்து எடுக்கா. தனக்குன்னு வச்சதை எல்லாம் எடுத்துட்டான்னா அடங்கிருவா. அதுக்கு மேல வரமாட்டா.”

அம்மாவுக்கு அது ஆறுதலாக இருந்தது. வரும் வழியில் பஸ்ஸில் எனக்குக் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்தாள். எனக்கு அதை மெல்ல முடியவில்லை. எடுத்து வைத்ததில் இன்னும் ஒன்று பாக்கி இருப்பது அம்மாவுக்குத் தெரியாது. ஆடித் தபசு என்று எழுதி வைத்தாள், ஆடித் தபசன்று வந்தாள். தீபாவளி என்று எழுதி வைத்தாள், தீபாவளியன்று வந்தாள். மூன்றாவதில் தேதியும் இருக்கிறது, என் பேரும் இருக்கிறது. அத்தைக்கு என்மேல் உயிர். தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது என்று என்னைக் கொண்டுபோகத்தான் வருவாள். கொண்டுபோய் எங்கே வைப்பாள் என்பதுகூட எனக்குத் தெரிந்திருந்தது. நாளே நகராத இடத்தில் வைப்பாள்.

கார்த்திகை பிறந்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. காலண்டரில் தாள் கிழிக்கும்போதெல்லாம் இருபதுக்கு இன்னும் எத்தனை தாள் என்று எண்ணிப் பார்த்தேன். அம்மா திருஷ்டி கழித்தாள். எதிர்வீட்டுக்காரர்களிடம் கோயில் புற்றுமண் கேட்டு வாங்கி வயிற்றில் பூசினாள். அவளிடம் சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் அம்மா அலறுவாள், அலறினால் அது உண்மையாகிவிடும் என்று பயந்தேன். பொட்டலம் இல்லாவிட்டால் அத்தை வருவதற்கும் காரணம் இல்லை என்று நானாகவே ஒரு முடிவுக்கு வந்தேன்.

பதினெட்டாம் தேதி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் செய்தேன். அம்மா பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கடைசி உருளையை எடுத்துப் புத்தகப் பைக்குள் திணித்து, பையை முதுகில் மாட்டிக்கொண்டு நடந்தேன். எங்கள் தெருவுக்குப் பின்னால் தறிக்கூடங்கள், அவற்றையும் தாண்டி ஒரு பாழ்கிணறு உண்டு. முதலில் முதுகில் ஐஸ் குளிர்ந்தது. போகப் போகக் குளிர் குறைந்து, சட்டை நனைந்து, அது இளகி என் முதுகோடு ஒட்டிக்கொண்டு வருவது தெரிந்தது. யாரையோ உப்புமூட்டை தூக்கிப் போவதுபோல இருந்தது. அழுதுகொண்டே ஓடினேன்.

கிணற்றடியில் வைத்துச் சீட்டை மட்டும் உருவிக்கொண்டேன். என் பேரை அத்தையோடு கீழே அனுப்ப மனசு வரவில்லை. மாவை இரண்டு கையாலும் தூக்கிப் போட்டேன். தண்ணீர் இல்லாத கிணறு. தொப்பென்று ஒரு சத்தம். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. அத்தனை தறிகளும் ஒரே சமயத்தில் நின்றுவிட்டன. பிறந்ததிலிருந்து என் காதில் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த அந்தச் சத்தம் இல்லாமல் போனதும், கிணற்றுக்குள்ளிருந்து யாரோ உற்றுக் கேட்பதாக உணர்ந்தேன். சீட்டை என்ன செய்வதென்று தெரியாமல் வாயில் போட்டு மென்று விழுங்கிவிட்டேன். வெண்ணெயும் ஏலக்காயுமாக மணத்தது. அத்தை எனக்காகச் செய்ததில் எனக்குக் கிடைத்த ருசி அவ்வளவுதான்.

இருபத்திரண்டு வயதில், கல்யாணத்துக்காக அம்மா டிரங்குப் பெட்டியிலிருந்து என் ஜாதகத்தை எடுத்தபோது முதல்முறையாக அதைப் படித்துப் பார்த்தேன். கார்த்திகை மாதம் இருபதாம் தேதி, பகல் பன்னிரண்டே காலுக்கு ஜனனம் என்று இருந்தது. அதுவரை என் பிறந்தநாள் ஜூன் ஐந்து. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வயது காணாது என்று வாத்தியார் தானாகவே போட்டுக்கொண்ட தேதி. எங்கள் பக்கத்தில் பாதிப்பேருக்கு ஜூன் மாதத்தில்தான் பிறந்தநாள் வரும். அதை யாரும் கொண்டாடுவதும் இல்லை. உண்மையான தேதியை நினைவில் வைத்து, என் ஒன்பதாவது வயதிலிருந்தாவது ஆரம்பிக்கலாம் என்று அத்தைக்குத் தோன்றியிருக்கிறது. அதையும் ஆறு மாதம் முந்தியே செய்து வைத்துவிட்டாள். ஜாதகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழுததைப் பார்த்து, மாப்பிள்ளை வீட்டை நினைத்து அழுகிறேன் என்று எண்ணி அம்மா தேற்றினாள்.

எட்டு வயதில் இது எதுவும் தெரியாமல், கார்த்திகை இருபதாம் தேதி விடியற்காலையில் பாயில் விழித்துக்கொண்டு கிடந்தேன். அம்மா பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். முதல் பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அடுப்படியில் ஃபிரிட்ஜ் கதவின் ரப்பர் பிரிகிற சத்தம் கேட்டது. அத்தை வந்துவிட்டாள். பொட்டலத்தைக் காணாமல் தேடுகிறாள். அதற்குப் பதிலாக என்ன எடுப்பாள்? அடுத்தது இந்தப் பாயைத் தேடித்தான் வருவாள் என்று படுத்துக் கிடப்பதைவிட, போய்ப் பார்த்துவிடுவது மேல் என்று தோன்றியது. எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன்.

ஃபிரிட்ஜின் வெளிச்சத்தில் அப்பா குந்தி உட்கார்ந்திருந்தார். ஐஸ் தட்டுகளை எல்லாம் வெளியே எடுத்துத் தரையில் பரப்பி வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு மஞ்சள் பை. கையை முழங்கைவரை ஐஸ் அறைக்குள் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். இன்னொரு கையின் சுண்டுவிரல் நுனியில், பாதிக்கு மேல் இறங்காமல், அத்தையின் பித்தளைக் குப்பி நின்றது.

என்னைப் பார்த்ததும் கையை வெளியே எடுத்துக்கொண்டார்.

“மக்கா, இதுக்குள்ள ஒரு பொட்டலம் இருந்துச்சே. பார்த்தியா?”

“இல்லப்பா.”

மறுபடியும் ஒருமுறை துழாவிப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. டீ குடிக்கப் போகிற மனிதர் மாவையும் எடுத்துக்கொண்டு போர்மாவுக்குப் போயிருக்கிறார். இனிப்புக் கூடாது என்று அம்மா விதித்திருந்த வீட்டில், தன் தங்கை எழுதி வைத்த நாள் தவறாமல் சுட்டுக் கொண்டுவந்து டின்னில் போட்டுவிட்டு, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியிருக்கிறார். அம்மா பயந்தபோதும் வாயைத் திறக்கவில்லை. தங்கை வந்துபோனாள் என்று வீட்டில் ஒருத்தியாவது சொல்வது அவருக்கும் வேண்டியிருந்ததோ என்னவோ.

“இன்னைக்கு என்ன நாளு தெரியுமா ஒனக்கு?” என்று கேட்டார்.

“புதன்கிழமை.”

“ஆமா” என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அத்தை வரவே இல்லை. எல்லாம் அப்பா செய்த வேலை. என்னை யாரும் எங்கும் கொண்டுபோகப் போவதில்லை. சந்தோஷத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா சிரிக்கவில்லை. எழுந்து நின்று, கதவைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டு, ஒன்றுமில்லாத அந்த ஐஸ் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குளிர்ந்த புகை அவர் முழங்காலில் இறங்கித் தரையில் பரவியது. நான் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன். இப்படித் திறந்து போட்டுக்கொண்டு நின்றால் அம்மா என்னை என்ன சொல்லித் திட்டுவாளோ அதையே அவரிடம் சொன்னேன்.

“அப்பா, கதவை மூடுங்க. ஐஸ் எல்லாம் உருகிரும்.”

மூடினார். நான் சொல்லி அப்பா கேட்ட முதல் காரியம் அது என்பதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. அம்மா பக்கத்தில் போய்ப் படுத்து, வெயில் ஏறும்வரை நிம்மதியாகத் தூங்கினேன்.